மூன்றாம் ஓலை

மாதா கோயிலில் மகள் லில்லிக்கு இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் காலை, அருளானந்தம் ராஜகிரியின் அடிவாரத்தில் நின்று, அன்றைக்கு மேலே ஏறலாமா வேண்டாமா என்று தம் முழங்கால்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றன முழங்கால்கள். கோட்டைக் காவலாள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவை அப்படித்தான் சொல்லிவந்தன. அவரும் ஏறிக்கொண்டுதான் இருந்தார். ஐப்பசித் தூறல் விட்டும் விடாமலும் பெய்தது. ஈரப் பாறையில் கால் வைத்தால், மலை தன் மேல் ஏறுகிறவனை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதுபோல் வழுக்கியது.

கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன், பெண் மாப்பிள்ளையின் பெயரையும் பெற்றோர் பெயரையும் சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் உரக்க வாசிப்பார். தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும், அறிந்து மறைப்பது பாவம் என்றும் சேர்த்துச் சொல்வார். தாளில் எழுதி வாசிக்கத் தொடங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது; ஆனாலும் அதற்குப் பெயர் ஓலைதான். இன்னும் ஒரேயோர் ஓலை பாக்கி. அது வரும் ஞாயிற்றுக்கிழமை. அதுவரைக்கும் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்பதே அருளானந்தத்தின் காலை செபமாகவும் மாலை செபமாகவும் இருந்தது.

செபத்துக்குக் காரணம் இருந்தது. லில்லிக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள் முதல் ஓலைக்கே எட்டாமல் நின்றுபோயின. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் மனைவி சவரியம்மாள் பிறந்த வீட்டுக்குச் செஞ்சியில் ‘பரங்கி வூடு’ என்று பெயர். அந்த வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை தேன் நிறக் கண்ணோடு ஒரு பிள்ளை பிறக்கும். லில்லிக்கு அந்தக் கண்.

திண்டிவனத்துச் சின்னப்பனுக்கு இந்த விவரம் எட்டியிருக்கவில்லை. ரயில்வே கேட்டில் கொடி பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் ஆரோக்கியநாதனுக்கு மின்சார ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று சின்னப்பன் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

“பொன்னும் வேணாம், பொருளும் வேணாம் சம்மந்தி. வம்சம் மட்டும் ஒழுங்கா இருக்கணும். எங்கள்ல அது ஒண்ணுதான் பாக்குறது.”

அருளானந்தம் தலையை ஆட்டினார். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவது பொய்யில் சேருமா என்று பிறகு பல நாள் யோசித்தார். சேரும் என்றுதான் முடிவுக்கு வந்தார்.

கீழ்க்கோட்டையில் களஞ்சியத்தின் பக்கமிருந்து சைக்கிள் மணி அடித்தது. ஜகபர் அலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்தருகே சைக்கிள் கடை வைத்திருப்பவர். சண்டைக் காலத்தில் பர்மாவில் பட்டாள லாரி ஓட்டியவர். அங்கே பிடித்த இங்கிலீஷை இன்னும் விடாமல் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஒவ்வொரு குட்டையையும் மரியாதையோடு சுற்றிக்கொண்டு நடந்துவந்தார்.

“அருளு, ஒக்காருப்பா. நின்னுக்கினு கேக்குற கதையில்ல இது” என்றார் ஜகபர் அலி. “இவுரு கெல்லன் துரை. கனடாவுலேர்ந்து வராரு. கனடான்னா அமெரிக்காவுக்கு மேல, ஒரே பனி. அங்க வக்கீலா இருந்து ரிட்டயர் ஆனவரு. இவரு பாட்டனுக்கு நைனா நம்ம ஊர்ல பொறந்தாராம்.”

மூவரும் களஞ்சியத்தின் வளைவுக்குள் ஒதுங்கினார்கள். ஆயிரக்கணக்கான மூட்டை நெல் கொண்ட இடம். இப்போது வௌவால் நாற்றம் மட்டும் மிச்சம். கெல்லன் துரை மழையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். ஜகபர் அலி ஒவ்வொரு மடையாகத் தமிழில் திறந்துவிட்டார்.

“அந்தப் பாட்டன் பேரு ஆம்புரோஸ் கெல்லன். அவரோட நைனா கும்பினியில நெலம் அளக்குற வேலைக்கு இங்க வந்தவரு. புள்ளைக்கி ஆறு வயசுல கப்பல் ஏத்திக் கனடாவுக்கு இட்டுனு போயிட்டாரு. அங்க கவர்மெண்டுல காடு எழுதிக் குடுத்து வெட்டிக்கச் சொன்னாங்களாம். வெட்டினாங்க. பனியில மரம் வெட்டி, ஆத்துல உருட்டி, அறுக்குற மில்லு வெச்சாங்க. புள்ளை வளந்து மில்லுக்கு மொதலாளி ஆச்சி. அப்பால ஊருக்குத் தலைவரு. அப்பால சட்டசபை மெம்பரு. மூணு வாட்டி ஜெயிச்சாரு, ஒரு வாட்டி தோத்தாரு. அந்த ஊருக்குப் பாலம் கட்டினது, பள்ளிக்கூடம் கட்டினது எல்லாம் அவருதானாம்.”

“நல்ல மனுசன்” என்றார் அருளானந்தம்.

“இரு, இன்னும் முடியல. அவரு பெருசா செஞ்சது இன்னான்னா, அம்மை குத்துறது. ஊர்ல யாரும் குத்திக்க மாட்டேன்னு சொன்னப்ப, எல்லா மேடையிலயும் சட்டையக் கழட்டி இடது தோள்பட்டையக் காட்டுவாராம். ‘ஆறு வயசுல எனக்கு மெட்ராஸ்ல குத்தினாங்க, நான் செத்தா பூட்டேன்?’ன்னு கேப்பாராம்.”

அருளானந்தம் வளைவின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

சவரியம்மாளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் கேட்டுவரும் கதை இது. மறுபக்கத்திலிருந்து கேட்பது இதுவே முதல் தடவை. சவரியம்மாளின் பாட்டிக்குப் பாட்டி ரோசாள். ரோசாளின் தாய் அன்னம்மா. செஞ்சிக்காரி, அளவைக்காரத் துரையோடு கூடாரத்தில் குடியிருந்தவள். துரைக்கும் அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். பையன் தகப்பன் நிறம். பெண் தாய் நிறம். பையனுக்கு அம்மை குத்தி அழைத்துவருகிறேன் என்று சொல்லித் துரை அவனைக் குதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு சென்னப்பட்டணம் போனான். குதிரை திரும்பி வந்தது; குதிரைக்காரன் வந்தான்; பையன் வரவில்லை. அன்னம்மா அதற்குப் பிறகு எத்தனை காலம் உயிரோடு இருந்தாள் என்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: அம்மை குத்துகிறேன் என்று வருகிறவனிடம் ஆண் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று ரோசாளிடம் சொல்லிவிட்டுச் செத்தாள். ரோசாள் தன் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள்.

“இப்ப இவருக்கு இன்னா வேணும், பாய்?”

ஜகபர் அலி துரையைக் கேட்டார். துரை இந்த முறை அருளானந்தத்தின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“ஆம்புரோஸ் தோத்த எலக்சன்ல, எதிராளிங்க அவர ‘கறுப்பச்சி மவன்’னு மேடை போட்டுச் சொன்னாங்களாம். அவரு பைபிள் மேல கை வெச்சி, எங்கம்மா ஐரிஷ்காரி, செஞ்சியில காய்ச்சல்ல செத்தா, அங்கதான் பொதச்சிருக்குதுன்னு சத்தியம் பண்ணாராம். இப்ப அவரு பேர்ல புதுசா ஒரு பள்ளிக்கூடம் தெறக்குறாங்க. கல்லு வெட்டியாச்சி. அந்த அம்மா சமாதிய ஒரு போட்டோ எடுத்துனு போனா, பழைய பேச்சு அத்தோட அடங்கும்னு பாக்குறாரு.” ஜகபர் அலி கண்ணை மழையின் மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: “கடைசியா ஒண்ணு கேக்குறாரு. அந்த அளவைக்காரத் துரைக்கி இங்க வேற குடும்பம் எதனா இருந்ததுன்னு பேச்சு உண்டா, அந்த வழியில யாரனா இருக்குறாங்களான்னு.”

ஜகபர் அலிக்கு எல்லாம் தெரியும். செஞ்சியில் யாருக்குத்தான் தெரியாது?

“இல்ல” என்றார் அருளானந்தம். “அப்படி யாரும் இல்லன்னு சொல்லு.”

“அருளு.”

“ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலை, பாய்.”

ஜகபர் அலி பெருமூச்சு விட்டார். “பொய் ஒன்னுது, இங்கிலீஷு என்னுது. நாளைக்கி மேல இருக்குறவன் கணக்கு கேக்கறப்ப ஆளுக்குப் பாதின்னு போட்டுருவான்.” சொல்லிவிட்டுத் துரையிடம் திரும்பி இரண்டே வார்த்தையில் முடித்தார்.

கெல்லன் துரையின் முகம் தெளிந்தது. எழுந்து அருளானந்தத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இல்லை என்ற ஒரு சொல்லால் ஒரு மனிதருக்கு இவ்வளவு நிம்மதி கொடுக்க முடியும் என்று அருளானந்தம் அறிந்திருக்கவில்லை. அந்த நிம்மதி தமக்கும் பழக்கமானதுதான் என்று தோன்றியபோது, கையை விடுவித்துக்கொண்டார்.

சவரியம்மாள் அன்று மல்லாட்டை ஆயப் போயிருந்தாள். பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியிலிருந்து காயை ஆய்ந்து கொடுத்தால் கூலியும் காயாகத்தான் கிடைக்கும். இருட்டுவதற்குள் வீடு வந்து, நகக் கண்ணில் செம்மண்ணோடு களி கிண்டிக்கொண்டிருந்தாள். கேழ்வரகு மாவு கொதிக்கும் வாசனையும், மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பின் வாசனையும் ஈரச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. லில்லி காயை முறத்தில் பரப்பிச் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அருளானந்தம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் ஜகபர் அலியின் கடை வழியே வந்தவர்களிடமிருந்து பாதி விஷயம் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

“யாரோ துரை வந்திருக்கானாமே. இன்னா கேட்டான்?”

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். தாம் இல்லை என்று சொன்னதையும் சொன்னார். அவள் களிக்கோலை நிறுத்தவில்லை. தோள்பட்டையைக் காட்டி மேடையில் பேசிய கதை வந்தபோதுதான் கோல் நின்றது.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“மெட்ராஸ்ல ஆறு வயசுல குத்தினதுன்னு காட்டுவாராம்.”

“குத்தினானா? நெசமாவே குத்தினானா?”

“அப்படித்தான் சொன்னாரு.”

களி அடிப்பிடிக்கும் நாற்றம் வந்தது. லில்லி எழுந்து சட்டியை இறக்கி வைத்தாள். சவரியம்மாள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க பெரிய தம்பிக்கி ஆறு வயசு, சின்னவனுக்கு நாலு. குத்துறவரு தெருவுக்குள்ள வந்துட்டாருன்னு சொன்னதும் எங்கம்மா ரெண்டு பேரையும் நெல்லு குதுருக்குள்ள எறக்கி மூடிட்டா. மூச்சு விடாதீங்கடான்னா. நான்தான் மூடி மேல ஒக்காந்தேன். குத்துறவரு எனக்குக் குத்திட்டுப் போனாரு. பொட்டப் புள்ளைக்கிப் பரவால்லன்னு எங்கம்மா என்ன நீட்டினா. அடுத்த வருசம் அம்மை வந்துச்சி. ஒரே வாரத்துல ரெண்டும் போச்சி.” கையைப் பார்த்துக்கொண்டாள். “பொய் சொல்லி இட்டுனு போனான்னுதானே எங்கள்ல யாரும் குத்த விடல. அப்ப அது பொய்யில்லியா?”

“இட்டுனு வரேன்னு சொன்னது பொய்தானே” என்றார் அருளானந்தம்.

“அது வேற பொய்.”

பிறகு அவள் குரல் மாறியது. சண்டைக்குரிய குரலாக ஆனது. அது வந்ததில் அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதல்தான்.

“நீ இன்னா பண்ணி வெச்சிருக்கற தெரியுமா? ஓலை முடிஞ்சி கல்யாணம்னு வந்தா, பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கன்னு கேப்பாங்க. மால எடுத்துக் குடுக்க, கையப் புடிச்சிக் கோயிலுக்கு இட்டுனு போக, எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இல்ல. யார நிறுத்துறதுன்னு நாலு மாசமா தல ஒடையுது. எம் பொறந்த வூட்டு வழியில ஒரே ஒரு ஆம்பள, கடல் தாண்டி, தானா வந்து நிக்கிறான். நீ இல்லன்னு சொல்லி அனுப்புற.”

“அவன் வெள்ளக்காரன், சவரி.”

“முறைக்கி நெறம் ஏது?”

“சின்னப்பனுக்கு இருக்குதே.” அருளானந்தமும் குரலை உயர்த்தினார். “ரெண்டு எடம் போச்சி. இதுவும் போனா அவ கதி இன்னா? ஒங்க அன்னம்மா செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சி. எம் பொண்ணு உயிரோட இருக்குறா.”

“நைனா” என்றாள் லில்லி. முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு பேரும் என்ன வெச்சிக்கினு சண்ட போடறீங்க. போடுங்க. களி ஆறிப்போவுது, துன்னுட்டுப் போடுங்க.”

சமாதியைக் காட்டு என்று கெல்லன் துரை வியாழக்கிழமை வந்து நின்றார். இடையிலிருந்த நாட்களில் மழை வலுத்து, சங்கராபரணி ஆற்றில் செந்நீர் ஓடியது. கோட்டைக்கு வேறு ஒருவரும் வரவில்லை. அருளானந்தம் அவரைக் கோட்டையின் புதுச்சேரி வாசல் பக்கம் அழைத்துப் போனார். அங்கே முள்ளுக்கு நடுவில், யாருடையது என்று தொல்பொருள் இலாகாவுக்கே தெரியாத ஒரு செங்கல் சமாதி உண்டு. முதல் நாளே வந்து முள்ளை வெட்டி வைத்திருந்தார். பொய்யையும் ஒழுங்காகச் செய்யும் பழக்கம் அவருக்கு இருந்தது.

துரை தொப்பியைக் கழற்றினார். பெட்டிக் கேமராவில் படம் எடுத்தார். பிறகு சேற்றில் முழந்தாளிட்டு, ஜகபர் அலிக்கும் புரியாத பாஷையில் செபம் சொன்னார். எழுந்திருக்க முடியவில்லை, அருளானந்தம்தான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். முழங்கால் வலி அந்தக் கிழவரின் முகத்தில் ஓடியதைப் பார்த்தபோது, அவருக்குத் தம் வலியை இன்னொருவர் முகத்தில் பார்ப்பதுபோல் இருந்தது.

அப்போது சவரியம்மாள் வாசலுக்குள் வந்தாள். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவை முழங்கால்வரை செருகியிருந்தது. கால் கை எல்லாம் மண்.

“பாய், இவர ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்தத் தழும்ப யாரனா கண்ணால பாத்திருக்காங்களா?”

ஜகபர் அலி அருளானந்தத்தைப் பார்த்தார். அருளானந்தம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஜகபர் அலி கேட்டார்.

“இவரு தாத்தா சின்னப் புள்ளையில பாத்திருக்காராம், தங்கச்சி. ரெண்டு தழும்பு. தொட்டுப் பாப்பாராம்.”

“யாரு கேக்குறான்னு கேப்பாரு. சொல்லு. அந்தப் புள்ளைக்கி ஒரு தங்கச்சி இருந்தா. பேரு ரோசாள். தாய் அன்னம்மா. ரெண்டு பேரும் ஒரே தாய் வயிறு. நான் ரோசாள் வழி. அன்னம்மா இங்க இல்ல. மாதா கோயில் கல்லறையில மண்ணோட மண்ணா இருக்குறா. இது யாரு சமாதியோ. எம் புருசன் பொய் சொல்லிட்டாரு. பொண்ணு கல்யாணத்துக்கோசரம் சொன்னாரு. அவர ஒண்ணும் நெனச்சிக்க வேணாம்னு சொல்லு. இவரு எனக்கு மாமன் முறை.”

ஜகபர் அலி இவ்வளவையும் இங்கிலீஷில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கெல்லன் துரை சமாதியைப் பார்த்தார். தம் சேற்று முழங்கால்களைப் பார்த்தார். சவரியம்மாளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே தனியாக நடந்தார்.

“இன்னா சொன்னாரு?” என்றாள் சவரியம்மாள்.

“ஒண்ணுமில்ல, தங்கச்சி.”

“சொல்லு பாய்.”

“இது எனக்கு வேணாம்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

சவரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மண் முகத்துக்கு மாறியதுதான் மிச்சம். “நல்லது. நூத்தி நாப்பது வருசம் கழிச்சி வந்து அதையே திரும்பச் சொல்லிட்டுப் போறான். வம்சத்துல பழுது இல்ல” என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குத் திரும்பிப் போனாள். அரை நாள் கூலி போய்விடும்.

வீடு வரைக்கும் ஜகபர் அலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே உடன் வந்தார். ஏறி ஓட்டவில்லை. “எனக்குப் பாதின்னு சொன்னனே, அதுல ஒரு கொஞ்சம் கழிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மழை ஓய்ந்து வெயில் அடித்தது. சின்னப்பனும் ஆரோக்கியநாதனும் காலை பஸ்ஸில் வந்து முன் வரிசையில் இருந்தார்கள். பூசைக்குப் பிறகு பெண் வீட்டில் சாப்பிட்டுத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. ரேஷனில் வாரவாரம் மீத்துவைத்த அரிசியைச் சவரியம்மாள் விடியற்காலையிலேயே உலையில் போட்டிருந்தாள்; முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியையும் யோசிக்காமல் அடித்திருந்தாள்.

சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். செஞ்சி அருளானந்தம், சவரியம்மாள் இவர்களின் குமாரத்தி லில்லி. திண்டிவனம் சின்னப்பன் குமாரன் ஆரோக்கியநாதன். தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அறிந்து மறைப்பது பாவம். அருளானந்தம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். சாமியார் தாளை மடித்துவிட்டார். அவ்வளவுதான். இத்தனை நாள் அவர் சுமந்து ஏறிய மலை அந்த ஒரு மடிப்பில் முடிந்தது. முடிந்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அசதிதான் வந்தது.

வெளியே வெயிலில் சின்னப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தைமாதம் முகூர்த்தம் பேசத் தொடங்கியிருந்தார். கூட்டம் லேசாக ஒதுங்கி வழிவிட்டது. கெல்லன் துரை வந்துகொண்டிருந்தார். பின்வரிசையில் பூசை கண்டிருக்கிறார், அருளானந்தம் கவனிக்கவில்லை. சவரம் செய்யாத முகம், தூங்கியதாகத் தெரியவில்லை. நேராகச் சவரியம்மாளிடம் போனார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அவளுக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நின்றார். பேச அவருக்குப் பாஷை இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருப்பார் என்று தோன்றவில்லை. நின்றார், அவ்வளவுதான், குடும்பத்தோடு நிற்கிறவர்கள் நிற்பதுபோல.

“யாரு சம்மந்தி, இந்தத் துரை?” என்றார் சின்னப்பன்.

கோட்டை பார்க்க வந்தவர் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. ஜகபர் அலி இல்லாத இடத்தில் துரைக்கும் புரியாது. சவரியம்மாள் கணவரைப் பார்க்கவில்லை. கோயில் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லில்லி பார்த்துக்கொண்டிருந்தாள், வெயிலில் தேனாகத் தெரிந்த கண்களோடு.

“எங்க வூட்டுக்காரி பொறந்த வூட்டு ஆளு” என்றார் அருளானந்தம். “அவளுக்கு மாமன் முறை.”

சின்னப்பன் சிரிக்கப் பார்த்தார். பிறகு துரையின் முகத்தையும், சவரியம்மாளின் முகத்தையும், லில்லியின் கண்ணையும் ரயில் வரும் திசையைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையை விட்டார்.

“எந்தக் காலத்துல?”

“கும்பினி காலத்துல.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

“வந்திருக்க மாட்டோம்” என்றார் சின்னப்பன். அவர் பொய் சொல்லாத மனிதர்.

ஆரோக்கியநாதன் முதல் முறையாக வாயைத் திறந்தான். “நைனா, ஓலை மூணும் வாசிச்சாச்சி.”

“தெரியுது. எங்க கோயில்லயும் வாசிச்சிருப்பாங்க இந்நேரம்.” சின்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “மூணு ஓலைக்கப்பால வெலகினா ஒனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எங்க போனாலும் அங்க இன்னா கொறைன்னு கேப்பான். எங்கயோ மாட்டிக்கினோம்.” அருளானந்தத்திடம் திரும்பினார். “தை மாசம் தேதி, சொன்னபடி இருக்கட்டும், சம்மந்தி. மாத்த வேணாம்.”

“சாப்பாடு ஆயிருக்குது. வாங்க.”

“இல்ல. பஸ்ஸு போயிடும்.”

திண்டிவனத்துக்கு அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல்தான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சின்னப்பன் நடந்தார். ஆரோக்கியநாதன் ஒருமுறை லில்லியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தகப்பன் பின்னால் போனான்.

சமைத்தது வீணாகக் கூடாது என்று சவரியம்மாள் துரையைக் கையைக் காட்டி வீட்டுக்குள் அழைத்தாள். ஜகபர் அலிக்கும் ஆள் போயிற்று. சம்பந்திக்கு விரித்த இலையில் கெல்லன் துரை உட்கார்ந்தார். காலை மடக்கத் தெரியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார். கோழிக் குழம்பின் காரத்தில் மூக்கும் கண்ணும் ஒழுகின. நிறுத்தாமல் சாப்பிட்டார்.

“கேளு பாய். பள்ளிக்கூடத்துக் கல்லுல இன்னா வெட்டியிருக்குதாம்?” என்றாள் சவரியம்மாள்.

ஜகபர் அலி சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“ஐரிஷ் தாய்க்குப் பொறந்தவருன்னுதான் வெட்டியிருக்காம். மாத்தச் சொல்லிக் கேக்குறாராம். மாத்துவாங்கன்னு நம்பிக்க இல்லியாம்.”

“கல்லு கெடக்கட்டும். ஜனவரியில திரும்பி வர முடியுமான்னு கேளு. பொண்ணு கையப் புடிச்சிக் கோயிலுக்கு இட்டுனு போவணும்.”

கேட்டார். துரை லில்லியைப் பார்த்தார்; தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவ்வளவு தூரம் இனி முடியுமா என்று தெரியவில்லை என்றும், புதுச்சேரியில் கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் யோசிப்பதாகவும் சொன்னார்.

“வர மாட்டாரு” என்றாள் சவரியம்மாள் அமைதியாக. “பரவால்ல. வந்தாரே.”

அருளானந்தம் இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். லில்லி சோற்றுச் சட்டியோடு அவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

“அவரு கைநனைக்காம போனத வெச்சி, அந்த வூட்டுல என்ன ஆயுசுக்கும் பேசுவாங்க, இல்லியா நைனா?”

“பேசுவாங்க.”

“தேதி மாத்தலல்ல?”

“மாத்தல.”

“அப்ப சரி” என்று அவருக்கு ஒரு கரண்டி சோறு போட்டாள். பிறகு துரையின் பக்கம் திரும்பி, அவர் வேண்டாம் என்று கையால் மறைப்பதைப் பொருட்படுத்தாமல், விரல்களின் மேலேயே இன்னொரு கரண்டி போட்டாள்.